கடைக்கால் மாமா பதில்கள்

இந்த வாரம்: மேலே வீடு, கீழே கடை. கூடவே, பழைய கட்டடத்துக்குப் புது உத்தியோகம்.

புதுமனைப்பித்தன், பெருங்களத்தூர்
அதென்ன மாமா, கடைக்கால்?

அஸ்திவாரத்துக்குக் கொத்தனார் பாஷையில் கடைக்கால் என்று பெயர். கீழே கடை வைத்துக் கட்டும் அடுக்குமாடியில், அந்தக் கடைக்குள் நிற்கும் தூணும் கடைக் கால்தான். முப்பது வருஷம் சைட் இன்ஜினியராக இரண்டுக்கும் நடுவில் நின்று கத்தினேன். தொண்டை போயிற்று. பெயர் மிஞ்சியது.

சந்தேகப் பிராணி, அரும்பாக்கம்
பூமியைத் தோண்டுவதைப் போய் ‘வானம் தோண்டுவது’ என்கிறார்களே?

பில்டர் விளம்பரத்தில் காட்டுவது வானம். மேஸ்திரி அதைத்தான் தோண்டுகிறார்.

வாடகை வீட்டு வாசி, சைதாப்பேட்டை
கீழே கடை, மேலே குடித்தனம் என்பது யார் கண்டுபிடித்த வித்தை? அமெரிக்காவா?

அமெரிக்கா பிறக்கவே இல்லை, ஐயா. 2,000 வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் இன்சுலா என்று அடுக்குவீடுகள் இருந்தன. தெருவைப் பார்த்துக் கடை, அதன் தலையில் குடித்தனங்கள். அடிக்கடி சரிந்து விழுந்ததால், 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டக் கூடாது என்று அகஸ்டஸ் சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். சக்கரவர்த்தியே உத்தரவு போட வேண்டி வந்தது என்றால், டீவியேஷன் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதே வாசி, அதே பேட்டை
அங்கே மேல்மாடி பென்ட்ஹவுஸ் என்ன விலை இருக்கும்?

அடிமட்ட விலை. மேலே ஏழைகள்தான் இருந்தார்கள். தண்ணீர் ஏறாது, தீப்பிடித்தால் இறங்க முடியாது. 1850-களில் எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர், கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டைச் செய்து காட்டினார். அதற்குப் பிறகு பணக்காரர் மேலே ஏற, ஏழை கீழே இறங்கினார். ஒரு பட்டனில் நடந்த சமூக மாற்றம் இது ஒன்றுதான்.

தரகர் தம்பி, தாம்பரம்
உலகின் முதல் ரியல் எஸ்டேட் புள்ளி யார்?

ரோமின் கிராஸஸுக்கு அந்த நாற்காலியைக் கொடுக்கலாம். எங்கே தீப்பிடித்தாலும் போய் நிற்பார். எரிகிற வீட்டையும், அடுத்து எரியப்போகிற வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்குவார். கட்டட வேலை தெரிந்த அடிமைகள் மட்டும் 500 பேருக்கு மேல் வைத்திருந்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். நம்மூரில் தீ தேவையில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போதும்.

தூக்கத்தில் பில்லர் எண்ணுபவன், சிறுசேரி
இரண்டு தளம் கார், அதன் மேல் கடை, அதற்கும் மேல் வீடு என்று ஒரு வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதில் கஷ்டமானது எது?

ஒரே பில்லர் மூன்று எஜமானர்களிடம் வேலை பார்ப்பது. கார்க்காரருக்கு வண்டி திரும்ப இடம் வேண்டும். கடைக்காரருக்குத் தூணே கண்ணில் படக் கூடாது. வீட்டுக்காரருக்கு அது பீரோவுக்குப் பின்னால் மூலையில் ஒளிய வேண்டும். மூவருக்கும் ஒரே இடத்தில் தூண் வந்தால், ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் வந்த மாதிரி.

வராதபோது நடுத்தளத்தில் ஒரு முரட்டு பீம் போட்டு, மேல் தூணின் பாரத்தைத் தள்ளி நிற்கும் கீழ்த் தூண்களுக்குக் கொண்டுபோவார்கள். டிரான்ஸ்ஃபர் பீம். சாமி புறப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள்: சாமி நடுவில், தோள்கள் ஓரத்தில், நடுவே ஒரு தண்டு. தண்டு ஒடிந்தால் சாமி என்ன ஆகும் என்று யோசித்துக் கம்பி கட்டுங்கள்.

அந்த ஒரு தளம் உங்கள் நாளையும் இரும்பையும் மூன்று தளத்துக்கான பசியோடு தின்னும். எந்த விளம்பரத்திலாவது ‘எங்கள் பீமைப் பாரீர்’ என்று பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் முதலாளிக்கு அந்தச் செலவு புரியாது. அட்டவணை போடும்போதே அந்தத் தளத்துக்குத் தனி வரி எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

மறுபடியும் பில்லர் எண்ணுபவன்
கடைகளை முதலில் திறந்துவிடச் சொல்கிறார் முதலாளி. வாடகை வருமாம். மேலே இன்னும் ஆறு தளம் பாக்கி.

கீழே நகைக்கடைத் திறப்பு விழா, மேலே டைல்ஸ் வெட்டும் மெஷின். நாதஸ்வரத்துக்கு நல்ல ஒத்து. திறக்கலாம். தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். தப்பிக்கும் படிக்கட்டில் சிமெண்ட் மூட்டை இருக்கக் கூடாது. வேலையாட்கள் வரும் வழியும் வாடிக்கையாளர் வரும் வழியும் சந்திக்கக் கூடாது. இந்த மூன்றும் தயார் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் திறங்கள். எழுதிக் கொடுக்க மாட்டார்.

மசாலா மூக்கன், வளசரவாக்கம்
கீழே பிரியாணிக் கடை. இரண்டாம் மாடியில் நான். மிச்சத்தை உங்களுக்கு விளக்க வேண்டுமா?

வேண்டாம், கடிதத்திலேயே பட்டை, கிராம்பு வாசனை. கட்டும்போது கீழே ஜவுளிக்கடை வரும் என்று நினைத்திருப்பார்கள். சமையல் புகை மொட்டைமாடியைத் தாண்டிப் போக ஒரு தனி டக்ட், எண்ணெய்க் கழிவு சாக்கடைக்குப் போகுமுன் தேங்கிப் பிரிய ஒரு தொட்டி, இரண்டும் பிளானிலேயே இருக்க வேண்டும். பிறகு வைப்பது நடக்காத காரியம். இன்றைய தேதிக்கு அந்தக் கடையின் புகைபோக்கி உங்கள் பால்கனிதான். அதற்கு வாடகை கேளுங்கள். தினம் ஒரு பிளேட்.

மூன்றாம் மாடி மாமி, மயிலாப்பூர்
பாத்ரூம் கூரையில் ஒரு மாதமாகச் சொட்டுகிறது. நாலாம் மாடிக்காரரோ, ‘எங்கள் வீட்டில் ஒழுகவே இல்லையே’ என்கிறார்.

அவர் வாக்கு சத்தியம், மாமி. ஒழுகல் என்பது எப்போதும் கீழ்வீட்டு வியாதி. அவர் வீட்டு பாத்ரூமின் தரைத் துவாரத்தை அடைத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கூரையில் நீலம் வந்தால் குற்றவாளி தரை. நீலம் வராமல் சொட்டினால் குழாய். சொட்டுக்குச் சொட்டு நீலம்தான் மருந்து.

நைட் ஷிஃப்ட், நாவலூர்
ரெடிமிக்ஸ் லாரி டிராஃபிக்கில் மாட்டி லேட்டாக வந்தது. கலவை கெட்டியாகிவிட்டது என்று மேஸ்திரி ஹோஸ் பைப்பை எடுக்கிறார்.

பிடுங்கிச் செடிக்கு விடுங்கள். விருந்தாளி கூடினால் ரசத்தில் ஒரு சொம்பு ஊற்றிச் சமாளிக்கலாம், பீமில் முடியாது. ஒவ்வொரு குடம் தண்ணீரும் காங்கிரீட்டின் பலத்தைக் குடிக்கும். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. தாண்டியதா, திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பிய லாரியால் எந்தக் கட்டடமும் இதுவரை விழுந்ததில்லை.

கணக்குப் புலி, கும்பகோணம்
காங்கிரீட்டின் பலத்தை ஏன் 28-ஆம் நாள் சோதிக்கிறார்கள்? ஒரு மண்டலம் 48 ஆயிற்றே?

28 நாளில் பலத்தின் பெரும்பகுதி வந்துவிடும், மீதி வருஷக்கணக்கில் சாவகாசமாக வரும். இன்னொரு வசதியும் உண்டு. 28 ஏழால் வகுபடும். திங்களன்று வார்த்த கட்டியைத் திங்களன்று உடைக்கலாம். ஞாயிறு தூக்கம் கெடாது.

அவசரக்காரன், ஆவடி
சென்ட்ரிங் முட்டுகளை மூன்றாம் நாளே எடுத்தால் வாடகை மிச்சமாகுமே?

தளத்தின் அகலம் 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். மூன்றாம் நாள் எடுப்பதென்றால் நீங்களே முட்டாக நில்லுங்கள்.

மூன்று தீபாவளி, மாதவரம்
18 மாதத்தில் சாவி என்றார் பில்டர். மூன்றாவது தீபாவளி வருகிறது. மாமா, ஆறுதல் சொல்லுங்கள்.

சிட்னி ஆபரா ஹவுஸ் 1963-ல் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றார்கள். முடிந்தது 1973-ல். ஆனது 10 கோடியே 20 லட்சம். இந்தப் பக்கத்தை மட்டும் உங்கள் பில்டர் கண்ணில் காட்டிவிடாதீர்கள். பிரேம் போட்டு மாட்டிவிடுவார்.

நம்பிக்கைவாதி, நாமக்கல்
சொன்ன தேதிக்கு முடித்தவர்களே உலகத்தில் இல்லையா?

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட், 102 மாடி, 410 நாள். 1931 மே முதல் தேதி திறந்துவிட்டார்கள். நகரின் நடுவில் சாமான் குவிக்க இடமில்லை. ஆகவே வந்த இரும்பு வந்த வேகத்தில் மேலே ஏறியது. தளத்துக்குத் தளம் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டியில் பொருளைக் கொண்டுபோனார்கள். ஆட்கள் கீழே இறங்கி நேரம் கழிக்கக் கூடாது என்று கட்டிக்கொண்டிருக்கும் மாடிகளிலேயே சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். இங்கே டீ குடிக்க இறங்கியவர் அடுத்த சைட்டில் ஏறிவிடுகிறார்.

கல்வெட்டுப் பிரியன், திருவையாறு
ராஜராஜன் காலத்தில் புராஜெக்ட் மேனேஜர் உண்டா?

பேஷாக. பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனுக்கு ‘ராஜராஜப் பெருந்தச்சன்’ என்று மன்னன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்ட வைத்தான். இன்றைக்குக் கட்டடத்தில் பில்டர் பெயர் விளக்குப் போட்டு மின்னுகிறது. பெருந்தச்சனின் பெயர் மஸ்டர் ரோலில் இருந்தாலே பெரிய விஷயம்.

முன்பணம் கையில், போரூர்
சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னால் பில்டர் சிரிக்கிறார்.

உங்களுக்குப் பக்கத்து ஊர்தான் மவுலிவாக்கம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை, மழை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பலர் வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடியை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஜோக் இல்லை. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு செக் எழுதுங்கள்.

சட்டப் பையன், எழும்பூர்
முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கென்றே உள்ள தனிக் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் பணத்தில் அவர் வேறு ஊரில் வானம் தோண்டக் கூடாது என்பதுதான் சாரம். சாவி வாங்கி ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவரே சரிசெய்து தர வேண்டும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கல்யாண ஆல்பத்தை விடப் பயன்படும்.

டேப் பிடித்தவன், மடிப்பாக்கம்
1,200 சதுர அடி என்று வாங்கினேன். அளந்தால் 850.

மீதி 350-ல் லிஃப்டில் ஒரு பங்கு, படிக்கட்டில் ஒரு பங்கு, வாட்ச்மேன் நாற்காலியில் ஒரு கால். சூப்பர் பில்ட்-அப் என்ற சொல்லில் ‘சூப்பர்’ யாருக்கு என்று இப்போது புரிந்திருக்குமே. இனி கார்பெட் ஏரியா கணக்கைத் தவிர வேறு எதையும் காதில் வாங்காதீர்கள்.

திசை தெரிந்தவர், திருவொற்றியூர்
என் பிளாட்டில் கழிவறை வாஸ்துப்படி தவறான மூலையில் வருகிறது. மாற்றித் தருவார்களா?

கழிவறை ஒற்றைப் பிள்ளை கிடையாது. மேலும் கீழும் பதினான்கு கழிவறைகள் ஒரே டக்ட்டைப் பிடித்துத் தொங்குகின்றன. உங்கள் வாஸ்துவைத் திருத்தினால் பதின்மூன்று வீட்டின் சமையலறைக் கூரையில் உங்கள் குழாய் ஓடும். அது எந்த மூலைக்கும் ஆகாது.

சுற்றுலாப் பயணி, சிவகங்கை
கடை கீழேதான் இருக்க வேண்டுமா? நடு மாடியில் வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்துவிட்டார் ல கார்பூசியே. பிரான்ஸின் மார்சேயில், 1952-ல், 337 வீடுகள் கொண்ட கட்டடம். அதன் நடு உயரத்தில் ஒரு கடைத்தெரு, மொட்டைமாடியில் மழலைப் பள்ளி. உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர், ‘பைத்தியக்காரன் வீடு’. ரொட்டி வாங்க ஏழாம் மாடிக்கு ஏறும் வழிப்போக்கன் மார்சேயிலும் கிடையாது, மந்தைவெளியிலும் கிடையாது. கடைகள் பலவும் நிலைக்கவில்லை. 2016-ல் அந்தக் கட்டடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பைத்தியம் ஜெயித்தது, பலசரக்கு தோற்றது.

பினாங்கு பேரன், நாகப்பட்டினம்
தாத்தா ‘அஞ்சடி’யில் கடை வைத்திருந்ததாகச் சொல்வார். என்ன அது?

சிங்கப்பூரைத் திட்டமிட்ட ராஃபிள்ஸ் 1822-ல் போட்ட விதி. கீழே கடை, மேலே வீடு என்று வரிசையாகக் கட்டலாம், ஆனால் ஒவ்வொரு கடை முன்பும் கூரை போட்ட நடைவழி விட வேண்டும். அகலம் ஐந்தடி. பினாங்கிலும் அதே வழக்கம். மழையில் நனையாமல் தெருக்கோடி வரை போகலாம். தமிழர்கள் அதை அஞ்சடி ஆக்கினார்கள். நம்மூர் நடைபாதையிலும் கடை உண்டு. நடக்கத்தான் அரையடி கூட இல்லை.

பழைமை விரும்பி, பல்லாவரம்
பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுத்த கதை நம் சென்னையில் உண்டா?

ஐஸ் ஹவுஸ் இருக்க வேறெங்கே போவது? 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டினார்கள். இங்கேயே மெஷினில் ஐஸ் வந்ததும் வியாபாரம் உருகியது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினார். பிறகு சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதி நடத்தினார். இன்று விவேகானந்தர் இல்லம்.

ஐஸ், வக்கீல், துறவி, விடுதிப் பெண்கள் என்று எல்லோரையும் பார்த்த சுவர் அது. வெப்பக்காற்று நுழையாமல் மூடிக் கட்டியது பனிக்கட்டிக்கு. மனுஷன் குடிவந்ததும் அதே சுவரில் ஜன்னல்களைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் சொந்தக்காரருக்கு எது வரமோ, அது அடுத்தவருக்குச் சாபம். பழைய கட்டடத்தைத் தொடுமுன், அது யாருக்காக என்ன பயத்தில் கட்டப்பட்டது என்று விசாரியுங்கள். பிறகு ஆர்க்கிடெக்டைக் கூப்பிடலாம்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய், சேலம்
பழைய கட்டடத்தையே கடையும் வீடுமாக மாற்றியவர்கள் உண்டா?

வியன்னாவுக்கு டிக்கெட் போடுங்கள். 1899-ல் கட்டி முடித்த நான்கு எரிவாயுத் தொட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் உயரம், 60 மீட்டர் குறுக்களவு, வெளியே அழகான செங்கல் கூடு. 1980-களில் வேலை போயிற்று. ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டினது தவிர வருமானம் இல்லை.

2001-க்குள் நான்கையும் மாற்றிவிட்டார்கள். கீழே கடை, நடுவே ஆபீஸ், மேலே வீடு. தொட்டிக்கு ஒரு ஆர்க்கிடெக்ட், அதில் ழான் நூவெல் ஒருவர். உள்ளே இருந்த இரும்பை எடுத்துவிட்டு, செங்கல் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டைக்குள் புது உடம்பைக் கட்டினார்கள். சட்டை கிழியாமல் உடம்பு மாற்றுவதுதான் வித்தை. நடுவில் வெளிச்சத்துக்கு முற்றம் விட்டார்கள். காரைக்குடிக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்போம்.

கடைகள் பின்னாளில் தள்ளாடின. வீடுகள் தாக்குப்பிடித்தன. வட்டச் சுவரில் சதுரப் பீரோவை எப்படி ஒட்டிவைக்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

லண்டன் ரிட்டர்ன், கோவை
பாட்டர்சீ மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகளும் புதிதாகக் கட்டியவையாமே? அப்புறம் என்ன பாரம்பரியம்?

எங்கள் ஊரில் ஒருவர், ‘இது பாட்டன் அரிவாள், மூணு தடவை பிடி மாத்தினோம், ரெண்டு தடவை இரும்பு மாத்தினோம்’ என்பார். அதே கதை. 1983-ல் மூடிய நிலையம், பல கைகள் மாறி, மலேசியக் கூட்டணி 2012-ல் வாங்கி, 2022-ல் கடை, ஆபீஸ், வீடுகளோடு திறந்தது. புகைபோக்கிகள் உள்ளுக்குள் அரித்துப்போயிருந்ததால் இறக்கிவிட்டு அதே உருவில் கட்டினார்கள். ஒன்றுக்குள் இன்று கண்ணாடி லிஃப்ட் ஏறுகிறது. கரி போன வழியில் டிக்கெட் போகிறது.

தாத்தா வீட்டுப் பேத்தி, காரைக்குடி
எங்கள் வீட்டை ஓட்டலாக்குகிறோம். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினால் உறுதி என்கிறார் கான்ட்ராக்டர்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், தாயி. ஐப்பசியில் குடித்த ஈரத்தைச் சித்திரையில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசுவது, தாத்தாவுக்கு ரெயின்கோட் மாட்டிப் படுக்க வைப்பது. உள்ளேயே வேர்க்கும். உப்புப் பூக்கும். ஓதம் மேலே ஏறும். பிறகு பூச்சு அப்பளம் மாதிரி கழன்று விழும். மாற்ற வேண்டியது கான்ட்ராக்டரை.

சுத்த சைவம், திருநெல்வேலி
செட்டிநாட்டுச் சுவரில் முட்டை உண்டாமே?

வெள்ளைக்கரு. கூடவே சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். தேய்த்து முடித்தால் முகம் பார்க்கலாம். நக்காத வரை விரதத்துக்குப் பங்கமில்லை.

கஃபே கனவு, புரசைவாக்கம்
பழைய பங்களாவின் நடுச்சுவரை எடுத்தால் ஹால் விசாலமாகும். எடுக்கட்டுமா?

என் கதையைக் கேட்டுவிட்டுச் சுத்தியலைத் தூக்குங்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பழைய வீட்டைக் கடையாக மாற்றினோம். தாழ்வாரத்தில் ஒரு மரத்தூண். உத்தரத்துக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருப்பதாக என் இளங்கண்ணுக்குத் தெரிந்தது. அலங்காரத்துக்கு நிற்கிறது என்று எடுத்துவிட்டேன். மறுநாள் காலை மாடி அறைக் கதவு திறக்கவில்லை. சட்டம் கோணிவிட்டது. தளம் அரையங்குலம் இறங்கியிருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாக முட்டுக் கொடுத்தோம். வயதான மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: ‘அது சும்மாதானே நின்னுச்சு, நீங்க ஏன் தம்பி சும்மா இருக்கல?’

பழைய வீட்டில் கம்பி கட்டிய பில்லர் கிடையாது. சுவர்தான் பில்லர். மாடியின் மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கோத்தது. அந்தக் கட்டைகளின் நுனி எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஒரு செங்கல்லையும் அசைக்காதீர்கள். காபி அப்புறம்.

புத்தகப் புழு, திருச்சி
பாட்டியின் மாடி வீட்டை நூலகமாக்க ஆசை. நல்ல எண்ணம்தானே?

எண்ணம் லேசு, புத்தகம் கனம். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று கணக்கு வைப்பார்கள். கடைக்கு 400. புத்தக அடுக்கு அறைக்கு 600-க்கும் மேல். அதனால்தான் கிடங்கை வீடாக்குவது சுலபம், வீட்டைக் கிடங்காக்குவது ஆபத்து. நியூயார்க்கின் சோஹோ பட்டறைகள் வீடுகளானது இந்த ராசியில்தான். பாட்டி வீட்டில் கவிதைத் தொகுப்புகளைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். நாவல்களையும்.

அப்புறம் பார்க்கலாம், புதுச்சேரி
கூரையில் சின்ன விரிசல்தான். அடுத்த வருஷம் பார்த்தால் போதாதா?

உங்கள் ஊர் மேரி கட்டடத்துக்கும் எல்லோரும் அப்படித்தான் தவணை சொன்னார்கள். 2014 நவம்பர் மழையில் அது உட்கார்ந்துவிட்டது. பழைய உருவத்திலேயே கட்டி 2021-ல் திறந்தார்கள். கடற்கரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்கே ஏணி போடுங்கள்.

கடன்காரன், காஞ்சிபுரம்
கான்ட்ராக்டரே வட்டிக்குப் பணம் தந்து கட்டித் தருகிறேன் என்கிறார். நல்ல யோசனையா?

சேப்பாக்கம் மாளிகை 1768 வாக்கில் எழுந்தது. கட்டியவர் என்று சொல்லப்படும் பால் பென்ஃபீல்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்ஜினியர், பிறகு கான்ட்ராக்டர், அதற்கும் பிறகு ஆற்காட்டு நவாபுக்கே கடன் கொடுத்தவர். நவாப் பட்ட கடன் லண்டன் பார்லிமென்ட் வரை நாறி, 1785-ல் எட்மண்ட் பர்க் பொரிந்து தள்ளினார். நவாப் பட்டம் ஒழிந்த பிறகு மாளிகை ஏலத்துக்கு வந்து, சர்க்கார் அலுவலகமானது. கட்டடம் ஒழுகவில்லை. கணக்குதான் ஒழுகியது.

அரசியல் ஆர்வலர், ஆண்டிபட்டி
மிக வேகமாக உத்தியோகம் மாறிய கட்டடம் எது?

ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-ல் தலைமைச் செயலகமாகத் திறந்தது, 2014-ல் மருத்துவமனை. இரண்டிலும் படுத்தவர்கள் உண்டு என்று எழுதினால் ஆசிரியர் வெட்டுவார். ஆகவே எழுதவில்லை.

கடற்கரை மனை, மாமல்லபுரம்
தொல்லியல் சின்னத்துக்கு 80 மீட்டர் தள்ளி மனை இருக்கிறது. கடையும் வீடுமாகக் கட்டலாமா?

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமென்றால் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். நீங்கள் 20 மீட்டர் ஏமாந்துவிட்டீர்கள். தேங்காய் போடுங்கள்.

சங்கச் செயலாளர், அண்ணாநகர்
கீழே பத்துக் கடை, மேலே நாற்பது வீடு. மொட்டைமாடி ரிப்பேருக்குக் கடைக்காரர்கள் பணம் தர மறுக்கிறார்கள். ‘நாங்கள் மாடிக்கே வருவதில்லை’ என்கிறார்கள்.

அடுத்த முறை சம்ப் சுத்தம் செய்ய வசூலிக்கும்போது, ‘நாங்கள் சம்ப்புக்குள் இறங்குவதில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். இதெல்லாம் கட்டும்போதே எழுத வேண்டியது. லிஃப்ட் யார் பங்கு, ஜெனரேட்டர் யார் பங்கு, தண்ணீர் மீட்டர் தனியா, குப்பை எந்த வழியாக இறங்கும். பத்திரத்தில் நாலு வரி எழுதச் சோம்பல்பட்டால், பொதுக்குழுவில் நாற்பது வருஷம் பேச வேண்டும். இப்போதைக்குச் சதுர அடிக் கணக்கில் பங்கு போடுங்கள். எல்லோருக்கும் சமமாக எரியும்.

மூன்றாம் மாடி மாமி (இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் வாட்ஸ்அப்பில்)
நீலம் விட்டோம் மாமா. என் பாத்ரூமில் வரவில்லை. அடுத்த பிளாட்டில் இருக்கும் டாக்டரின் ஹால் ஃபேன் வழியாகச் சொட்டுகிறது. இப்போது டாக்டரும் சண்டைக்கு வந்துவிட்டார்.

தண்ணீர் நேராக இறங்கும் என்று யார் சொன்னது? ஸ்லாபுக்குள் விரிசல் கண்ட பக்கம் நடந்து, வயர் போன குழாயைப் பிடித்து, ஃபேன் வழியாக எட்டிப் பார்க்கும். டாக்டர் வீட்டு ஃபேனுக்கான மெயினை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். நாலாம் மாடித் தரையை எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் சொட்டு வேறு கேஸ், குழாயைத் திறந்து பாருங்கள். சண்டையில் டாக்டரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள், ரத்தக்கொதிப்பு பார்க்க உதவும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் கட்டடத்தின் வயதை மறக்காமல் எழுதவும். உங்கள் வயது வேண்டாம்.